ஆலந்தூர் எம்.ஜி.ஆர் தொகுதிதானா? கோட்டையைப் பிடிக்கும் தொகுதிதானா?

மௌலிவாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிவிட்டீர்கள். வாக்காளர் அட்டையில் ஆலந்தூர் என்று வந்திருக்கிறது. மாமனார், "இது எம்.ஜி.ஆர் நின்ன தொகுதி மாப்ளே, இங்க ஜெயிக்கிறவன்தான் கோட்டையப் பிடிப்பான்" என்கிறார். இது எவ்வளவு தூரம் உண்மை என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எம்.ஜி.ஆர் நின்ற பரங்கிமலையும் இன்றைய ஆலந்தூரும் ஒரே தொகுதியா என்பது ஒன்று. ஆளுங்கட்சியோடு போகிற ராசி என்று ஒரு தொகுதிக்கு உண்டா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில், எல்லையும் ஆளும் மாறிக்கொண்டே இருக்கிற இடத்துக்குத் தேர்தல் வரலாறு என்று ஒன்று இருக்க முடியுமா என்கிற மூன்றாவது கேள்வியும் கிடக்கிறது. நீங்கள் கேட்காமல் கேட்டது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் தேர்தல் பிரிவு. வாக்காளர் பட்டியல் திருத்தம், வாக்குச்சாவடி பிரிப்பு, எண்ணிக்கை மேசை என்று சென்னையின் தெற்குப் புறநகரிலேயே சுற்றியவன். கட்சி அரசியலின் உள்விவகாரம் எனக்குத் தெரியாது. யார் யாருக்கு ஏன் சீட் கொடுத்தார்கள் என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சில் உங்களுக்குக் கிடைப்பதுதான் எனக்கும் கிடைக்கும். தாளில் இருப்பதைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். 2021 சட்டமன்றத் தேர்தல் வரைக்கும்தான் இந்தப் பதிலில் பேசுகிறேன்.

முதலில் எம்.ஜி.ஆர். மாமனார் சொல்வதில் இந்தப் பகுதி உண்மை. 1967இலும் 1971இலும் எம்.ஜி.ஆர் தி.மு.க. வேட்பாளராக நின்று ஜெயித்தது பரங்கிமலைத் தொகுதியில். சட்டமன்றத்துக்கு அவர் போட்டியிட்ட முதல் தேர்தல் 1967 தேர்தல்தான். அதற்கு முன் மேலவை உறுப்பினராக இருந்திருக்கிறார், அது வேறு. அந்த ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி, மவுண்ட்–பூந்தமல்லி சாலையோரம் இருந்த அவருடைய ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா அவரைச் சுட்டார். ஓட்டுப்பதிவு பிப்ரவரியில். வேட்பாளர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். கழுத்தில் கட்டுப் போட்டிருந்த அந்தப் படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் ஒட்டப்பட்டது. தொகுதிக்குள் கால் வைத்து ஓட்டுக் கேட்காமலேயே அவர் 54,106 ஓட்டு வாங்கினார். எதிரில் நின்ற காங்கிரஸின் டி.எல்.ரகுபதிக்கு 26,432. வித்தியாசம் 27,674. இரட்டிப்புக்கும் மேல்.

இதை வைத்து "குண்டடி பட்டதால்தான் ஜெயித்தார்" என்று இன்றைக்கும் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணம், பக்கத்துத் தொகுதியைப் பாருங்கள். அதே தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமே தோற்றார். அங்கே யாரும் சுடப்படவில்லை, சினிமா நட்சத்திரமும் நிற்கவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எல்லாம் சேர்ந்து அடித்த அலை அது. தி.மு.க. 137 இடம் பிடித்தது. விருதுநகரில் காமராஜரே தப்பவில்லை. ஆகவே பரங்கிமலையில் தி.மு.க. சார்பில் யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த 27 ஆயிரத்தில் எவ்வளவு அலை, எவ்வளவு எம்.ஜி.ஆர், எவ்வளவு கழுத்துக்கட்டு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்கும் இல்லை. சொல்பவர் யாராக இருந்தாலும் ஊகம்தான். 1971இல் அதே ரகுபதி மறுபடியும் எதிரில் நின்றார். அப்போது அனுதாபம் கிடையாது, ஆனாலும் வித்தியாசம் 24 ஆயிரத்தைத் தாண்டியது. அனுதாபக் கதையை நான் பாதி விலைக்குத்தான் வாங்குகிறேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. 1972 அக்டோபரில் தி.மு.க.வில் இருந்து வெளியேற்றப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது எம்.ஜி.ஆர் பரங்கிமலையின் எம்.எல்.ஏ.தான். 1976 ஜனவரி கடைசியில் ஆட்சி கலைக்கப்படும் வரை அப்படித்தான். ஒரு கட்சியே பிறந்த காலத்தில் அதன் தலைவருடைய தொகுதியாக இருந்த ஊர் இது. ஆனால் 1977இல் முதலமைச்சராகப் போகிறவர் இங்கே நிற்கவில்லை, அருப்புக்கோட்டைக்குப் போனார். அடுத்தது மதுரை மேற்கு, அதற்கடுத்தது ஆண்டிபட்டி. திரும்பி வரவே இல்லை. நின்றிருக்க வேண்டும் என்று நினைத்திருந்தாலும் பரங்கிமலை என்ற பெயரில் அப்போது தொகுதி கிடையாது. மறுவரையறையில் அந்தப் பெயர் போய், 1977 தேர்தலில் ஆலந்தூர் என்றும் தாம்பரம் என்றும் தொகுதிகள் வந்துவிட்டன.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மலை, பட் ரோடு, ஆலந்தூர், நந்தம்பாக்கம் என்று மலையடிவாரத்தை வைத்துப் பார்த்தால் ஆலந்தூர்தான் பரங்கிமலையின் வாரிசு. ஆனால் வாரிசு வேறு, அதே ஆள் வேறு. 1977இல் எல்லை மாறியது, 2008இல் இன்னொரு முறை மாறியது. அந்தந்தத் தெரு எந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியில் இருந்தது என்பதை அந்தந்த ஆண்டின் வாக்காளர் பட்டியலை எடுத்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். உங்கள் அடுக்ககம் நிற்கும் இடத்தில் 1967இல் ஓட்டுப் போட ஆள் இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட அந்தப் பக்கம் ஏரியும் வயலும்தான் கண்ணுக்குத் தெரியும்.

எல்லைக்கோடு போடுவது இந்த மலைக்குப் புதிதில்லை என்று வேடிக்கையாகச் சொல்வோம். 1802இல் கர்னல் லாம்ப்டன் இந்தியாவையே அளக்கக் கிளம்பியபோது அளவைக்கு ஆதாரமான முதல் அடிக்கோட்டை அளந்தது பரங்கிமலைப் பக்கத்தில்தான். இனி நான் சொல்லப்போகிற கோடு அரசியல் சாசனத்தின் கோடு. இதைப் புரிந்துகொள்ளாமல் சென்னைப் புறநகரின் எந்தத் தொகுதியையும் புரிந்துகொள்ள முடியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1976இல் வந்த 42ஆவது திருத்தம், 1971 மக்கள்தொகைக் கணக்கோடு தொகுதிகளை உறைய வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் இடங்களை இழந்துவிடக் கூடாது என்பது நோக்கம். மாநிலங்களுக்கிடையே அது நியாயம். ஆனால் ஒரு மாநிலத்துக்குள்ளே என்ன ஆயிற்று? எல்லைகள் முப்பது வருடத்துக்கு அசையாமல் நின்றன, ஜனம் மட்டும் அசைந்தது. மயிலாப்பூரில், சைதாப்பேட்டையில் வாடகை கட்ட முடியாதவர்கள், மாவட்டங்களில் இருந்து வேலைக்கு வந்தவர்கள், ரிடையர்மென்ட் பணத்தில் ஒரு மனை வாங்கியவர்கள், இவர்கள் எல்லோரும் மின்சார ரயில் போகிற வழியிலேயே இறங்கிக் குடியேறினார்கள். நங்கநல்லூர், ஆதம்பாக்கம், பழவந்தாங்கல், பல்லாவரம், தாம்பரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் ஊதிப் பெருத்தது. உள்நகரத்துத் தொகுதி மெலிந்துகொண்டே போக, புறநகர்த் தொகுதி பெருத்துக்கொண்டே போயிற்று. ஓர் எம்.எல்.ஏ.வுக்கு உள்ள தொகுதி நிதியும் ஒரே அளவு, சட்டமன்றத்தில் நாற்காலியும் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்குப் பின்னால் நிற்கிற ஜனம் இன்னொருவருக்குப் பின்னால் நிற்பதைப் போலப் பல மடங்கு.

2001இல் 84ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கை உறைந்திருப்பதை 2026 வரைக்கும் நீட்டியது. ஆனால் மாநிலத்துக்குள் எல்லைகளைத் திருத்திக்கொள்ள வழிவிட்டது. பிறகு 2003இல் வந்த 87ஆவது திருத்தத்தின்படி 2001 கணக்கெடுப்பை வைத்து வரைந்த புதிய எல்லைகள் 2008இல் அமலுக்கு வந்தன. 234 என்ற எண்ணிக்கை மாறவில்லை. புறநகரில் வேளச்சேரி, சோழிங்கநல்லூர், பல்லாவரம், மதுரவாயல், அம்பத்தூர், ஆவடி, மாதவரம் என்று புதிய தொகுதிகள் முளைத்தன. மொத்தம் மாறாததால் வேறெங்கோ அதே அளவுக்குத் தொகுதிகள் மறைந்தன. ஆலந்தூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் பல்லாவரம் தனித் தொகுதியாக உட்கார்ந்தது. ஆலந்தூரின் இன்றைய உருவம் அப்போது வந்ததுதான். கிழக்கில் பழைய ஆலந்தூர் நகராட்சி, நடுவில் பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட், மேற்கில் மணப்பாக்கம், முகலிவாக்கம், மௌலிவாக்கம், கெருகம்பாக்கம், கொளப்பாக்கம், அய்யப்பன்தாங்கல் என்று நீள்கிற கிராமங்கள். நாடாளுமன்றத்துக்கு ஸ்ரீபெரும்புதூர்.

வேடிக்கை என்னவென்றால், அப்படித் திருத்திய எல்லையும் போட்ட அன்றைக்கே பழசாகிவிட்டது. 2001 கணக்கை வைத்து வரைந்த கோட்டுக்கு 2011இல்தான் முதல் சட்டமன்றத் தேர்தல். அந்தப் பத்து வருடத்தில் ஓ.எம்.ஆர் முழுக்கக் கட்டடமாகிவிட்டது. 2021இல் சோழிங்கநல்லூரில் மட்டும் ஏறத்தாழ 6.9 லட்சம் வாக்காளர்கள். அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் 1.8 லட்சம்கூட இல்லை. ஆலந்தூர் இரண்டுக்கும் நடுவில், மூன்றரை லட்சத்துக்கு மேல். உங்கள் ஓட்டுக்கும் துறைமுகத்துக்காரர் ஓட்டுக்கும் எடை ஒன்றில்லை என்று சொன்னால் கட்சிக்காரர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். பேசவும் மாட்டார்கள்.

உங்கள் மௌலிவாக்கத்துக்கு இன்னொரு தனிச்சிக்கலும் இருக்கிறது. 2011இல் ஆலந்தூர் நகராட்சி, நந்தம்பாக்கம், மணப்பாக்கம், முகலிவாக்கம் எல்லாம் சென்னை மாநகராட்சியின் 12ஆவது மண்டலத்தில் சேர்ந்தன. 2018இல் ஆலந்தூர் வட்டமே சென்னை மாவட்டத்துக்கு மாறியது. மௌலிவாக்கமோ அந்தக் கோட்டுக்கு வெளியே, குன்றத்தூர் ஊராட்சி ஒன்றியத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் நின்றுவிட்டது. முகலிவாக்கத்தில் சாக்கடை அடைத்தால் மாநகராட்சி. நாலு தெரு தள்ளி உங்கள் பக்கம் அடைத்தால் ஊராட்சி மன்றம். மலையடிவாரத்தில் கன்டோன்மென்ட் எல்லைக்குள் அடைத்தால் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிற வாரியம். மூன்று இடத்துக்கும் எம்.எல்.ஏ. ஒருவரே. தேர்தல் நேரத்தில் வேட்பாளர் கொடுக்கிற வாக்குறுதியில் பாதி அவர் கையில் இல்லாத வேலை என்பதைப் புறநகரில் ஓட்டுப் போடுகிறவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இனி மாமனாரின் இரண்டாவது வாக்கியம், 'இங்கே ஜெயித்தால் கோட்டை'. இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1989இல் தி.மு.க. ஆலந்தூரில் ஜெயித்தது, ஆட்சிக்கும் வந்தது. 1991இல் அ.தி.மு.க., 1996இல் தி.மு.க., 2001இல் அ.தி.மு.க.வின் பா.வளர்மதி, 2006இல் தி.மு.க.வின் தா.மோ.அன்பரசன். 2011இல் தே.மு.தி.க.வின் பண்ருட்டி ராமச்சந்திரன், அப்போது அ.தி.மு.க. கூட்டணியில். ஆறு தேர்தலிலும் ஆலந்தூர் பக்கம் சாய்ந்த கூட்டணியே கோட்டைக்குப் போயிற்று. வரிசையாகப் பார்த்தால் மந்திரம் போட்ட மாதிரித்தான் இருக்கும்.

ஆனால் வரிசையை 1989இல் ஏன் தொடங்க வேண்டும்? ஒரு தேர்தல் பின்னால் போனால் கதை கவிழ்ந்துவிடும். 1984 டிசம்பரில் இந்திரா காந்தி சுடப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எம்.ஜி.ஆர் அமெரிக்காவில், ப்ரூக்ளின் ஆஸ்பத்திரியில். அவர் படுத்திருக்கிற காட்சியைப் படமாக்கி ஊர் ஊராகக் காட்டினார்கள். பதினேழு வருடத்துக்கு முன் பரங்கிமலையில் நடந்த அதே கதைதான், இப்போது மாநிலம் முழுக்க. தொகுதிக்கு வராமலேயே ஆண்டிபட்டியில் ஜெயித்தார், அ.தி.மு.க. மட்டும் 132 இடம். தி.மு.க.வுக்கு மொத்தமே 24. அந்த இருபத்து நான்கில் ஒன்று ஆலந்தூர், அங்கே தி.மு.க.வின் மு.ஆபிரகாம் ஜெயித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்த்து ஓட்டுப் போட்டது என்று சொல்லப்படுகிற ஊர், இரண்டாவது கட்டிலுக்கு மசியவில்லை. எம்.ஜி.ஆர் தொகுதி என்கிற பட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு தேர்தலை யாரும் எடுக்க மாட்டார்கள்.

முன்னால் வந்தாலும் அப்படித்தான். 2016இல் மாநிலத்தில் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. ஆலந்தூரில் தி.மு.க.வின் அன்பரசன் சுமார் 19 ஆயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றவர் யார் தெரியுமா? பண்ருட்டி ராமச்சந்திரன்தான், இந்த முறை அ.தி.மு.க. வேட்பாளராக. 2021இல் அன்பரசன் வளர்மதியை 40 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார், அந்த முறை ஆட்சியும் தி.மு.க.வுடையது.

ஆக 1984 முதல் 2021 வரை ஒன்பது பொதுத்தேர்தல். ஏழில் பொருந்துகிறது, இரண்டில் பொருந்தவில்லை. நடுவில் வந்த ஆறு தொடர்ச்சியும் அதிசயமா என்று ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1991இல் ஜெயித்த கூட்டணிக்கு 234இல் 225, 1996இல் 221, 2011இல் 203. 1989, 2006 இரண்டிலும்தான் பெரும்பான்மை கொஞ்சம் மெலிவு, அப்போதும் பத்தில் ஏழு. இப்படி ஊரோடு சேர்ந்து அள்ளிக்கொண்டு போகிற காலத்தில், ஏதோ ஒரு தொகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் அது ஆறு முறையும் ஜெயித்த பக்கம் இருந்திருக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு வாய்ப்பு வருகிறது. அதாவது தமிழ்நாட்டில் எழுபது, எண்பது தொகுதிக்காரர்கள் "எங்க தொகுதிதான் ராசியான தொகுதி" என்று சொல்லிக்கொள்ள இடம் உண்டு. சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள்! இது துல்லியக் கணக்கில்லை. ஒரு தேர்தலுக்கும் அடுத்ததற்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்டது, நிஜத்தில் கோட்டைத் தொகுதிகள் என்று சில உண்டு. ஆனாலும் மந்திரத்தை இறக்க இவ்வளவு போதும்.

ராசி இல்லை என்பதால் குணமும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆலந்தூருக்கு நான் பார்த்த அளவில் ஒரு குணம் உண்டு. இங்கே எந்த ஒரு சாதியோ ஒரு தொழிலோ பெரும்பான்மை என்று சொல்லிக்கொள்ள முடியாது. நங்கநல்லூர் ஓய்வூதியக்காரர், ஆலந்தூர் கடைத்தெருவின் முஸ்லிம் குடும்பங்கள், மலையடிவாரத்துக் கிறிஸ்தவர்கள், ஆதம்பாக்கத்துக் கூலித் தொழிலாளர், மேற்கே கம்பெனி பஸ் பிடிக்கிற உங்களைப் போன்றவர்கள். மாநிலத்தை ஒரு கரண்டி அள்ளிப் போட்ட மாதிரி. அதனால் மாநிலத்தில் காற்று எப்படி அடிக்கிறதோ அப்படித்தான் இங்கும் அடிக்கும். தொகுதி கோட்டையைத் தீர்மானிப்பதில்லை, கோட்டைக்குப் போகிற காற்று தொகுதி வழியாகவும் போகிறது.

2011 முடிவைக் கவனித்தால் இது தெளிவாகும். அலை என்றால் அப்படி ஓர் அலை. தே.மு.தி.க. 29 இடம் பிடித்து எதிர்க்கட்சி அந்தஸ்தே வாங்கியது. ஆனாலும் பண்ருட்டியார் இங்கே ஆறாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில்தான் தப்பினார். எதிரில் நின்றது தி.மு.க. இல்லை, கூட்டணிக் காங்கிரஸ். முந்தைய எம்.எல்.ஏ. அன்பரசன் புதிதாக வந்த பல்லாவரத்துக்குப் போய், அங்கே தோற்றார். இந்தப் பண்ருட்டியாரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. எம்.ஜி.ஆர் பரங்கிமலையில் ஜெயித்த அதே 1967இல் தி.மு.க. எம்.எல்.ஏ.வாகச் சட்டமன்றத்துக்குள் முதலில் நுழைந்தவர். பிறகு எம்.ஜி.ஆர் அமைச்சரவையில் இருந்தவர். 44 வருடம் கழித்து, எம்.ஜி.ஆரின் பழைய மண்ணில், எம்.ஜி.ஆருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கட்சியின் முரசு சின்னத்தில் ஜெயித்தார். 2013 டிசம்பரில் அந்தக் கட்சியையும் பதவியையும் துறந்தார். அதனால்தான் 2014 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்ந்து இங்கே இடைத்தேர்தல் வந்தது.

அந்த இடைத்தேர்தலை நான் அடிக்கடி நினைப்பேன். அ.தி.மு.க.வின் வி.என்.பி.வெங்கட்ராமன் சுமார் 18 ஆயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆம் ஆத்மி சார்பில் எழுத்தாளர் ஞாநி நின்று டெபாசிட் இழந்தார். தி.மு.க. வேட்பாளர் ஆர்.எஸ்.பாரதி தோற்றார். இந்தப் பாரதி ஆலந்தூர் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1990களின் பிற்பகுதியில், அரசாங்கப் பணத்துக்குக் காத்திராமல் வீட்டுக்கு 5,000 ரூபாய் வசூலித்து, தனியார் பங்கோடு பாதாளச் சாக்கடை கொண்டுவந்த நகராட்சி ஆலந்தூர். குழாய் பதிக்கும் முன்பே ஜனங்கள் காசு கட்டினார்கள். இந்தியாவில் பல ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன திட்டம். அன்றைக்கு ஐயாயிரம் என்பது நங்கநல்லூர் பென்ஷன்காரருக்குச் சின்னத் தொகை இல்லை. கட்டியவர்கள் பின்னாளில் அவரையே நன்றாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் 2014இல் அது சட்டமன்ற ஓட்டாக மாறவில்லை. ஏன்? மோடி, ஜெயலலிதா என்று நாடாளுமன்றத் தேர்தலின் சத்தத்தில் இது அமுங்கியது என்று ஒரு காரணம் சொல்லலாம், மாநிலத்தில் அ.தி.மு.க. 39இல் 37 பிடித்த தேர்தல் அது. எனக்குத் தோன்றுகிற இன்னொரு காரணம், சாக்கடைக்குக் காசு கட்டிய ஆலந்தூர் வேறு, 2014இல் ஓட்டுப் போட்ட ஆலந்தூர் வேறு. 2008இல் சேர்ந்த மேற்குக் கிராமங்களுக்கு அந்தக் குழாய் போகவே இல்லை. பாரதி செய்த வேலை அவர்களுக்கு அடுத்த ஊர்ச் செய்தி.

2016க்கும் இப்படி ஒரு விளக்கம் சொல்வார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி மணப்பாக்கம், முகலிவாக்கம், நந்தம்பாக்கம் எல்லாம் மூழ்கியது, அந்தக் கோபம்தான் தி.மு.க.வுக்கு ஓட்டு என்று. இருக்கலாம். சென்னைக்குள்ளும் 16 தொகுதிகளில் 10 அப்போது தி.மு.க.வுக்குத்தான் போயிற்று. ஆனால் வெள்ளம் தொட்ட தெருவின் ஓட்டையும் தொடாத தெருவின் ஓட்டையும் ஒப்பிட்டுக் காட்டாமல் அதை உறுதி என்று சொல்ல நான் தயாராயில்லை. நகரத்தில் ஆளுங்கட்சிக்கு எதிரான மனநிலை வெள்ளத்துக்கு முன்பே இருந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கடுத்த 40 ஆயிரம் வித்தியாசத்துக்கும் ஒற்றைக் காரணம் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, நகர்ந்துவிடுவேன்.

வாக்குப்பதிவு சதவீதத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் "ஃபிளாட்காரன் ஓட்டுப் போட வரமாட்டான்" என்று உங்களைத்தான் திட்டுவார்கள். 2021இல் மாநிலம் 72 சதவீதத்தைத் தாண்டியபோது சென்னை மாவட்டம் 60ஐத் தொடவில்லை. சோம்பேறித்தனம் ஒரு பங்கு. ஆனால் பட்டியல் சரிபார்க்க நான் வீடு வீடாகப் போன அனுபவத்தில் இன்னொரு பங்கு பட்டியலிலேயே இருக்கிறது. ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஏழு பெயர். கதவைத் திறந்த அம்மாவுக்கு அதில் ஒருவரைத்தான் தெரியும், அது அவரே. மற்ற ஆறு பேரும் முன்னால் குடியிருந்துவிட்டுப் போனவர்கள். போகிற இடத்தில் படிவம் 6 கொடுத்துப் புதிதாகப் பெயர் சேர்த்துக்கொள்வார்கள், பழைய இடத்தில் நீக்கச் சொல்ல மாட்டார்கள். ஊருக்கும் இங்குமாக இரண்டு அட்டை வைத்திருப்பவர்களும் உண்டு. இல்லாத ஆள் ஓட்டுப் போட வராததால் சதவீதம் குறைகிறது. இது எத்தனை சதவீதம் என்று கேட்டால் என்னிடம் நம்பத்தக்க எண் கிடையாது, நான் பார்த்தது வாக்காளர் பட்டியலில் என் கைக்கு வந்த பாகங்களை மட்டும்தான்.

நீங்களே பார்க்க விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு தாள் இருக்கும். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்ற முழுக்கணக்கு அதில் வரும். 2011, 2016, 2021 மூன்றும் ஒரே எல்லையில் நடந்த பொதுத்தேர்தல்கள், அதனால் இவற்றை மட்டும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். பட்டியலின் பாக எண்ணை நம்பாதீர்கள், சாவடி பிரிக்கும்போதெல்லாம் அது மாறும். ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்தின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது அவ்வளவு சீக்கிரம் மாறாது. நங்கநல்லூர்ப் பள்ளி ஒன்று, ஆலந்தூர்ப் பள்ளி ஒன்று, மௌலிவாக்கத்துப் பள்ளி ஒன்று என்று மூன்றை எடுத்து வரிசையாக எழுதினால், ஆலந்தூர் என்று ஒரே பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது என்பது தெரியும். மேற்குப் பக்கம் ஒரே பள்ளியில் சாவடிகள் தேர்தலுக்குத் தேர்தல் பெருகியிருப்பதையும் பார்ப்பீர்கள். அவை புதிதாக வந்த வாக்காளர்கள், உங்களைப் போல.

முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 கொடுத்துப் பழைய இடத்தில் பெயர் நீங்கியதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மாமனாரிடம் 1967ஐ முழுசாக ஒத்துக்கொள்ளலாம். 1984இல் ஆபிரகாம் எப்படி ஜெயித்தார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு இங்கே ஓட்டுப் போட்டவராக இருந்தால் நம் இருவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.